முதலில் காதைப் பார்ப்போம்

குழந்தைகளின் பேச்சு, செவித்திறன், மொழி, கற்றல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநரின் பதில்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம் ஆகிறது. அம்மா, அப்பா, தா, வேண்டாம் என்று ஏழெட்டுச் சொற்களைத்தான் சொல்கிறான். கதவு ஓங்கிச் சாத்தினால் திடுக்கிட்டுத் திரும்புகிறான். ஆகவே காதில் குறையில்லை என்று நினைக்கிறோம். அவனுடைய அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம். "ஆண் பிள்ளை, தானாகப் பேசுவான், அவசரப்படாதே" என்கிறார் என் மாமியார். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்கள் மகனுக்குப் பெரிய குறை இருக்கிறது என்று நான் கருதுவதாக எண்ணிவிடாதீர்கள். குறை உண்டா இல்லையா என்பது காத்திருப்பதால் தெரியவராது, சோதித்தால்தான் தெரியும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கதவுச் சத்தத்தை வைத்துக் காதைப் பற்றி முடிவு செய்ய இயலாது. ஓங்கிச் சாத்தும் கதவின் ஓசை மிக வலுவானது, அதோடு தரையும் அதிரும். ஓரளவே கேட்கும் குழந்தைகூட அதற்குத் திரும்பிவிடும். பேச்சொலிகள் அத்தனை வலுவானவை அல்ல. ஆ, ஊ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் உரக்க ஒலிக்க, ச, த போன்ற மெய்யொலிகள் அவற்றைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் மிக மெலிதாக ஒலிக்கின்றன. உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் கேட்க இயலாத குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும், பாட்டுக்கு ஆடும். ஆனால் அதன் காதில் விழும் பேச்சு, பாதி எழுத்துகள் அழிந்துபோன கடிதத்தைப் போன்றது. போதாததற்குக் குழந்தைகள் கண்ணால் ஊகிப்பதில் கெட்டிக்காரர்கள். நீங்கள் செருப்பை மாட்டும்போதே வெளியே கிளம்புகிறோம் என்று புரிந்துகொண்டு ஓடிவருகிறவனைப் பார்த்து, சொன்னது கேட்டுத்தான் வந்தான் என்று வீட்டார் நினைத்துக்கொள்வது மிகவும் இயல்பு.

எனவே பேச்சுத் தாமதம் பற்றி யார் கேட்டாலும் என் முதல் பதில், செவித்திறனைச் சோதியுங்கள் என்பதுதான். ஒலி வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும்படி அமைத்த சோதனை இந்த வயதுக்கு ஏற்றது. அதற்கு அவன் ஒத்துழைக்காவிட்டால், தூங்கும்போது தலையில் சிறு மின்முனைகளை ஒட்டிச் செவி நரம்பின் துலங்கலைப் பதிவுசெய்யும் பெரா சோதனை இருக்கிறது. இரண்டுமே வலியில்லாதவை.

காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பேச்சு மதிப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களையும், "பந்து தா", "அப்பா வா" போன்ற இரு சொல் தொடர்களையும் எதிர்பார்க்கிறோம். அவன் எத்தனை சொற்களைச் சொல்கிறான் என்பதைப் போலவே, எவ்வளவு புரிந்துகொள்கிறான் என்பதும் முக்கியம். கையாலோ கண்ணாலோ சாடை காட்டாமல், "பந்தை எடுத்து அப்பாவிடம் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, வியப்பான எதையேனும் கண்டால் உங்களுக்குக் காட்ட முயல்கிறானா என்றும் கவனியுங்கள். இவை இல்லையென்றாலோ, முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்லாமல் விட்டுவிட்டான் என்றாலோ, குழந்தை வளர்ச்சி மருத்துவரிடமும் உடனே காட்ட வேண்டும்.

மாமியார் சொல்வது முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன்; தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பிறகு மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் எட்டிப் பிடிக்கப்போகிறவர் யார், பின்தங்கப்போகிறவர் யார் என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆண் பிள்ளைகள் சராசரியாகச் சற்றுப் பிந்திப் பேசுகிறார்கள் என்பது உண்மை. அந்த வேறுபாடு சிறியது, 50 சொற்களுக்கும் எட்டுச் சொற்களுக்கும் இடையிலான தூரத்தை அது விளக்காது. அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பதை வீட்டார் ஆறுதலாகக் கொள்கிறார்கள். நாங்கள் அதைக் கவனிக்க வேண்டிய அறிகுறிகளின் வரிசையில் எழுதிக்கொள்கிறோம்.

கேள்வி: மகளுக்கு நான்கரை வயது. பிறந்தபோது செய்த செவிச் சோதனையில் தேறியவள். ஆனால் சில மாதங்களாக ஒன்றைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறாள். அவளுக்குக் கவனம் போதவில்லை என்கிறார் ஆசிரியை. சில நாட்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுதான் எங்களைக் குழப்புகிறது.

பதில்: அந்தக் கடைசி வாக்கியமே பாதி விடை. சில நாள் நன்றாகவும் சில நாள் மந்தமாகவும் கேட்பது, நடுச்செவியில் நீர் கோத்திருப்பதன் வழக்கமான போக்கு. நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழல் சிறு வயதில் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தால் காற்றோட்டம் தடைப்பட்டுச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. வலி, காய்ச்சல், சீழ் எதுவும் இல்லாததால் ஒருவரும் காதைச் சந்தேகிப்பதில்லை. விரல்களால் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு ஒரு முழு நாளைக் கழித்துப் பார்த்தால், ஆசிரியை சொல்லும் கவனக்குறைவு எப்படி வருகிறது என்பது நமக்கே விளங்கும்.

பிறந்தபோது தேறியது அன்றைய செவித்திறனுக்கான சான்று மட்டுமே. சில வகைச் செவித்திறன் குறைபாடுகள் பரம்பரையாக இருந்தும் பிறந்த சில ஆண்டுகளுக்குப் பிறகே வெளிப்படுகின்றன. மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களாலும் பின்னர் வரலாம். ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் அளவையும் செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

நீர்தான் என்றால், பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாகவே வற்றிவிடும் என்பதால் மருத்துவர் சிறிது காலம் கண்காணிக்கச் சொல்லலாம். ஒவ்வாமை மாத்திரையும் மூக்கடைப்பு மருந்தும் இந்த நீரை வற்றவைப்பதில்லை. அவற்றை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இரு காதுகளிலும் நீர் நீடித்துக் கேட்கும் திறனும் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவதைப் பற்றிப் பேசுவார்கள். அதுவரை வகுப்பில் முன்வரிசையில் அமர்த்தச் சொல்லுங்கள். வீட்டில் அருகில் சென்று, முகம் பார்த்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது மகள் செல்போனில் வரும் கல்வி வீடியோக்களைப் பார்த்து எண்களையும் நிறங்களையும் சொல்கிறாள். ஆனால் தாகம் எடுத்தால் கேட்கத் தெரியவில்லை. வீடியோவை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்துங்கள். எண்ணும் நிறமும் ஒப்பிப்பது மனப்பாடம். தாகத்தைச் சொல்வது மொழி. அவளுக்கு இரண்டாவதுதான் இப்போது தேவை. 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆளைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. திரை பேசும், ஆனால் குழந்தை பேசினால் அதற்குக் காது கேட்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், அதிலும் குறைவாக இருப்பது நல்லது என்கிறது.

வீடியோவின் இடத்தில் வைப்பதற்குத் தனிப் பாடம் எதுவும் தேவையில்லை. அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றி நீங்கள் ஒரு சிறு வாக்கியம் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெற்றோருக்கு மிகக் கடினமான பயிற்சி இந்தப் பத்துதான். அவள் "கார்" என்றால் "ஆமாம், சிவப்பு கார் போகிறது" என்று ஒரு படி நீட்டிக் கொடுங்கள். "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு" என்று நாள் முழுவதும் தேர்வு வைப்பதைக் குறையுங்கள்; தெரிந்த விடையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவரிடம் பேச நமக்கே சலிப்பாக இருக்கும் அல்லவா? தண்ணீர்க் குவளையை எட்டாத உயரத்தில், ஆனால் கண்ணில் படும்படி வையுங்கள். அவள் கை நீட்டி உங்களைப் பார்க்கும் கணத்தில் "தண்ணீர்" என்று சொல்லிக் கொடுங்கள். திருப்பிச் சொன்னால்தான் தருவேன் என்று மட்டும் மிரட்டாதீர்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் வேறு வேறு தாய்மொழிக்காரர்கள். இரண்டு மொழி கேட்பதால்தான் குழந்தை பேசத் தாமதமாகிறது, ஒன்றை விட்டுவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: விட வேண்டாம். இரு மொழிகளைக் கேட்பது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் ஆவதில்லை. மொழிக் குறைபாடு உள்ள குழந்தைகளும் இரு மொழிகளைக் கற்கிறார்கள். குழந்தையின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியிலும் உள்ளவற்றைச் சேர்த்து எண்ண வேண்டும், பலர் இதில்தான் தவறுகிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் குழப்பத்தின் அடையாளம் அல்ல. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில், கொஞ்சவும் கடிந்துகொள்ளவும் கதை சொல்லவும் தோதான மொழியில் பேசுங்கள். இரு மொழியையும் சேர்த்து எண்ணியும் சொற்கள் குறைவாக இருந்தால், உறவினரின் விளக்கத்தோடு நின்றுவிடாமல் செவித்திறன் சோதனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நாக்குக்கு அடியில் உள்ள சதையை வெட்டினால் பேச்சு வந்துவிடுமா?

பதில்: வராது. அந்தச் சதை இறுக்கமாக இருந்தால் சில குழந்தைகளுக்குத் தாய்ப்பால் குடிப்பது சிரமமாகலாம், அரிதாகச் சில ஒலிகளின் உச்சரிப்பும் தடைப்படலாம். சொற்களே வராமல் இருப்பதற்கு அது காரணம் அல்ல.

கேள்வி: எங்கள் பேரனுக்கு ஏழு மாதம். இரு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று கண்டறிந்து கருவி பொருத்தியிருக்கிறார்கள். குழந்தை அடிக்கடி பிடுங்கி எறிகிறான். கருவியும் கீச்சென்று சத்தமிடுகிறது. சைகையில் பேசினால் வாய்ப்பேச்சு வராது என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை.

பதில்: ஐயா, நல்ல நேரத்தில் கண்டறிந்திருக்கிறீர்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே நாங்கள் பின்பற்ற முயலும் கணக்கு. அதற்கு மிக அருகிலேயே இருக்கிறீர்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று எவரையும் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். இக்குறையோடு பிறக்கும் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களின் பெற்றோர் நன்றாகக் கேட்கிறவர்களே. தாயும் தந்தையும் தமக்கு எந்தக் குறையும் இன்றி ஒரே மரபணு மாற்றத்தைச் சுமந்திருக்கலாம்.

கீச்சொலிக்குக் காரணம் பெரும்பாலும், கருவியைக் காதோடு பொருத்தும் காது அச்சு தளர்ந்திருப்பதுதான். குழந்தையின் காது வேகமாக வளர்வதால் இந்த வயதில் சில வாரங்களிலேயே அச்சு சிறியதாகிவிடும், புதிது எடுக்க வேண்டும். பிடுங்கி எறிவதும் இந்த வயதுக் குழந்தையின் வழக்கமே. தலையோடு கட்டும் மெல்லிய பட்டை உதவும், எறிந்தால் கோபப்படாமல் மீண்டும் மாட்டுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுவதும் கருவி காதில் இருக்க வேண்டும். கேட்டலுக்குரிய மூளைப் பகுதி இந்த ஆண்டுகளில்தான் ஒலியைக் கொண்டு தன்னை அமைத்துக்கொள்கிறது. கருவியால் போதிய பயன் இல்லையென்றால், அறுவைச் சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் பற்றி முடிவெடுப்பதையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

சைகை பேச்சைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கேட்கும் திறனுள்ள குழந்தையே முதலில் கையசைத்து விடைபெறக் கற்று, பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்கிறது. கையாலோ வாயாலோ, உங்கள் பேரனுக்கு இந்த ஆண்டிலேயே ஒரு மொழி கிடைத்தாக வேண்டும். மொழியே இல்லாத காலம்தான் அவனுக்கு நட்டம்.

கேள்வி: மூன்றரை வயது மகன் இரண்டு மாதமாகத் திக்குகிறான். "மெதுவாகப் பேசு" என்று சொல்லித் திருத்துகிறோம்.

பதில்: அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டு, நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். இந்த வயதில் ஏறத்தாழ 5 சதவீதக் குழந்தைகளுக்குத் திக்கல் தோன்றி, பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடுகிறது. அவன் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டு, என்ன சொல்கிறான் என்பதற்குப் பதில் கொடுங்கள். குடும்பத்தில் பெரியவர் எவருக்கேனும் திக்கல் தொடர்ந்திருந்தாலோ, பேசும்போது அவன் முகம் இறுகினாலோ, பேசவே தயங்கினாலோ இப்போதே பேச்சு வல்லுநரிடம் செல்லுங்கள். இவை எதுவும் இல்லையென்றாலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க விட வேண்டாம்.

கேள்வி: ஏழு வயது மகன் எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறிப் படிக்கிறான், படித்தது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சிறு வயதில் தாமதமாகப் பேசினான், இப்போது நன்றாகவே பேசுகிறான். சோம்பல் என்கிறது பள்ளி.

பதில்: சோம்பல் என்ற சொல்லை ஒதுக்கிவைப்போம். வாசிப்பு பேச்சுமொழியின் மேல் எழும் கட்டடம். "படம்" என்ற சொல்லில் "ப"வை எடுத்துவிட்டால் மீதி என்ன, "மரம்" என்பதோடு எது ஒத்து ஒலிக்கும் என்று காதாலேயே சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத குழந்தைக்கு எழுத்துகள் வெறும் கோடுகளாகவே நிற்கும். உங்கள் மகனுக்கு அத்தோடு பொருளும் தங்கவில்லை என்பதால், மொழி வளர்ச்சிக் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 7 சதவீதக் குழந்தைகளுக்கு, அதாவது முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவருக்கு, அது இருக்கிறது. அன்றாடப் பேச்சில் அவர்கள் சமாளித்துவிடுவதால், நன்றாகப் பேசுகிறானே என்று எல்லோரும் ஏமாந்துவிடுகிறோம்.

ஒரு சிறு கதையை நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். காதால் கேட்டபோது புரிந்து, தானே படிக்கும்போது மட்டும் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கேட்டபோதும் புரியவில்லை என்றால் சிக்கல் மொழியில். இது வீட்டில் ஒரு முதற்குறிப்பு மட்டுமே, ஆனால் வல்லுநரிடம் செல்லும்போது இதைச் சொன்னால் அவருக்கு மிகவும் உதவும். அவரிடம் போவதற்கு முன் செவித்திறன் சோதனையும் கண் சோதனையும் முடித்து, அறிக்கைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.