10 மீட்டருக்குப் புல்பப் வேண்டாம்

வேளச்சேரியிலிருந்து துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு பைக்கில் போக, 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்கு நீளம் குறைந்த புல்பப் (டிரிகருக்குப் பின்னால் இயக்கப் பகுதி இருக்கும் ரைபிள்) எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் சார். தூக்கிப்போக வசதிதான். ஆனால் டிரிகர் முன்னால், சியர் (விசையைப் பிடித்து வைத்து, டிரிகர் இழுத்ததும் விடுவிக்கும் கொக்கி) பின்னால். நடுவில் ஒரு நீளக் கம்பி. மலிவான மாடலில் அது லொடலொடத்தால், எப்போது விடுபடும் என்று விரலுக்கே தெரியாது.

இன்னொரு தொல்லை ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). கன்னம் ரிசீவர் (இயக்கப் பகுதி இருக்கும் கூடு) மேலேயே படிவதால் ஸ்கோப் உயரமாக உட்காரும். குழலுக்கு மேல் 7 செ.மீ. என்றால், 10 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கி வேறு தூரத்தில் குறிக்கு மேலேயோ கீழேயோ சுடும். போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியும் இல்லை, பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்ப்பது) தான்.

வழக்கமான வடிவமே எடுங்கள், குண்டு 4.5 மி.மீ. வாங்கும்போது துப்பாக்கியின் பின்கட்டையை (பட்) முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரைத் தொட வேண்டும்.