வழக்கை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஸ்தோத்திரம். நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில் இயங்கும் ஒரு சிறிய கிறிஸ்தவ நீதி ஊழியத்தின் செயலாளர் நான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபின், முன்பணத்துக்காக ஆட்டுக்கிடைகளில் விடப்பட்ட சிறுவர்களை மீட்பதில் எங்கள் வேலை தொடங்கியது. இன்று சாதி வன்கொடுமை வழக்குகள், மனைப்பட்டா, கூலிப் பாக்கி என்று அது விரிந்திருக்கிறது. பெரும்பகுதி நிதியைத் தந்துவந்த வெளிநாட்டுத் திருச்சபை உதவியை நிறுத்திவிட்டது. மூன்று மாதமாக ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. பதினொரு வழக்குகள் நடந்துகொண்டிருக்கின்றன. குழுவின் மூத்தவர்கள், "தொடங்கியவர் நடத்துவார், வெளியே சொல்லிக் கையேந்துவது விசுவாசக் குறைவு" என்கிறார்கள். இளையவர்கள், கௌரவமாக மூடிவிடலாம் என்கிறார்கள். இதில் எது விசுவாசம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூத்தவர்களும் இளையவர்களும் அலுவலகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பதினொரு குடும்பங்கள் இருவர் பேச்சிலும் வரவில்லை. வக்காலத்தில் கைநாட்டு வைத்த அன்று அவர்கள் உங்கள் வங்கி இருப்பை விசாரிக்கவில்லை, உங்கள் சொல்லை நம்பினார்கள். எனவே அலுவலகம் நிலைக்குமா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, கொடுத்த சொல்லை எப்படிக் காப்பது என்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைக் கண்டிப்போடு சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினனாக இருந்த ஒரு குழுவுக்குப் பணம் நின்றபோது, நாங்கள் உபவாசம் இருந்தோம், ஜெபித்தோம், இறுதியில் கதவைப் பூட்டினோம். எங்களிடம் வழக்கை ஒப்படைத்திருந்த கட்சிக்காரர்களுக்குச் சொல்லவேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு தாய் நான்கு வாய்தாக்களுக்குத் தனியாகப் பேருந்து ஏறி வந்து, நீதிமன்ற வாசலில் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். ஐந்தாவது வாய்தாவுக்கு அவரும் வரவில்லை. அந்த வழக்கு என்னவாயிற்று என்பதை இங்கே எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மூத்தவர்களின் வாதத்துக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் மனிதரிடம் கேட்காமல் ஜெபத்திலேயே நடத்தினார் என்பது நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் சாட்சி. அவர் கடன் வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்ததும், வரவு செலவை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டதும் அந்தப் பிரசங்கங்களில் ஏனோ விடுபட்டுப்போகின்றன. உங்கள் ஊழியர்களின் மூன்று மாதச் சம்பளமும் கடன்தான். வயல் அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்வதை, கூலிப் பாக்கிக்காக வழக்கு நடத்தும் ஓர் ஊழியம் தன் அலுவலகச் சுவருக்கு வெளியே மட்டும் வாசிக்க முடியாது. அதோடு, எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் வெளிப்படையாகவே காணிக்கை கேட்டவர் பவுல். அந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று, நம்பிக்கையானவர்களை உடன் அனுப்பி ஏற்பாடு செய்ததையும் இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். கேட்பதும் கணக்குக் காட்டுவதும் விசுவாசத்துக்கு விரோதமானவை என்றால் அந்த அதிகாரத்தை என்ன செய்வது?

இனி வேலை. பதினொரு வழக்குக் கட்டுகளையும் மேசைமேல் வைத்து, எது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, அதற்கு யார் போகவேண்டும், என்ன செலவாகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தால், எல்லாச் செலவும் உங்கள் தலையில் விழவேண்டியதில்லை என்பது தெரியவரும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், கொத்தடிமை முறையால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞரைப் பெறத் தகுதியுள்ளவர்கள். வட்ட அளவிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மனுவை அங்கே கொடுக்கலாம். வன்கொடுமை வழக்கு என்றால், 1995ஆம் ஆண்டின் விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும், அன்றைய உணவுச் செலவும், வேலைக்குப் போகாத நாளுக்கான தொகையும் அரசு தரவேண்டும்; பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்த மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. நன்கொடைப் பணம் தாராளமாக வந்த நாட்களில் இவற்றைக் கேட்டு அலைவதைவிட நம் கையிலிருந்தே கொடுத்துவிடுவது எளிதாக இருந்தது. அதனால் மக்களின் உரிமையாகிய பணம் கேட்கப்படாமலே கருவூலத்தில் கிடந்தது.

அரசு வழக்கறிஞரிடம் கட்டை ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மடிந்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் தந்த தண்டனையை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து நிலக்கிழார்களை விடுவித்தது. மேல்முறையீடு வரை ஒரு வழக்கோடு கூட நடக்க ஆள் வேண்டும் என்பதை நம் மண்ணில் வேறொருவர் வந்து சொல்லவேண்டியதில்லை. கூட நடப்பதற்குத் தேவைப்படுவது பேருந்துக் கட்டணமும், தேதியை மறவாத ஒருவரும்தான். இரண்டு ஊழியர்களையாவது அதற்கென நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குப் பாக்கியைத் தவணையாகத் தருவதாக எழுத்தில் கொடுத்து விடைகொடுங்கள். வாகனம், வாடகைக் கட்டடம், ஆண்டு மாநாடு ஆகியவை போகட்டும். புதிய வழக்கு எதையும் இந்த ஆண்டு ஏற்காதீர்கள். பிறகு பதினொரு வீடுகளுக்கும் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள், தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். வெளிநாட்டு நன்கொடைப் பதிவு எங்களுக்கு இல்லை. பதிவு உள்ள சென்னை அமைப்பு ஒன்று பணத்தை மாற்றித் தர முன்வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களும் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். பெறலாமா? (ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: முதலாவதைப் பெறக்கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறு எவருக்கும் மாற்றித் தரச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த அமைப்பு தன் நோக்கத்துக்கு உட்பட்ட வேலையைத் தானே நேரடியாக உங்கள் பகுதியில் செய்யலாம். அதையும் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யட்டும். உங்களால் அவர்களுடைய பதிவு ரத்தானால் மூன்று ஆண்டுகளுக்கு அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. சிங்கப்பூர் உறவினர்களைப் பொறுத்தவரை, அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதுதான் கேள்வி. இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், மன்னார்குடியில் பிறந்தவரே ஆனாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். உறவு பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: எங்கள் சபைப் பொருளாளராக இருக்கிறேன். உள்ளூர் நீதி ஊழியத்துக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்கலாம் என்றேன். "ஆலயக் கோபுரம் பாதியில் நிற்கிறது, கோர்ட்டு விவகாரம் அரசியல், அது சபையின் வேலை அல்ல" என்று கமிட்டி மறுத்துவிட்டது. என்ன சொல்லிப் புரியவைப்பது? (ஒரு வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்)

பதில்: கமிட்டியாரை ஒருநாள் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போங்கள், உங்கள் மாவட்டம்தானே. 1706 ஜூலையில் அங்கே கரையிறங்கிய சீகன்பால்குவை நாம் அச்சகத்துக்காகவும் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்காகவும் நினைவுகூர்கிறோம். 1708இல் அவரை டேனிஷ் தளபதி நான்கு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் வைத்தார் என்பதும் பலருக்குத் தெரியும். சிறைக்குப் போகக் காரணமான விவகாரத்தைத்தான் நாம் பேசுவதில்லை: இறந்துபோன ஒரு நாவிதரின் மனைவிக்காக, டேனிஷ் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரோடு இருந்த ஒரு கடன் வழக்கில் அவர் மீண்டும் மீண்டும் தலையிட்டார். இந்த நாட்டின் முதல் புராட்டஸ்டண்டு மிஷனரி, வந்த மூன்றாம் ஆண்டிலேயே ஒரு விதவையின் வழக்குக்காகக் கம்பி எண்ணியிருக்கிறார். அது சபையின் வேலை இல்லை என்று சொல்கிறவர்கள் அவர் படத்தை ஆலயத்தில் எப்படி மாட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

இன்னொன்றையும் கமிட்டியில் எடுத்துச் சொல்லுங்கள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை கிறிஸ்தவர்களை உள்ளடக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஒரு கிறிஸ்தவத் தலித் குடும்பம் சேரியில் அடிபட்டால் வன்கொடுமைச் சட்டமும், அதன் நிவாரணத் தொகையும், சாட்சிப்படியும் அவர்களுக்கு வருவதில்லை. அடித்தவன் ஞானஸ்நானச் சான்று கேட்டுவிட்டு அடிப்பதில்லை. சட்டம் மட்டும் கேட்கிறது. அப்படிப்பட்ட வழக்குகளுக்குச் சபையின் காணிக்கையைவிட்டால் வேறு நிதி மிகக் குறைவு. உங்கள் ஆலயத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கமிட்டியார் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.

தொகை சிறிதாக இருக்கட்டும். பேராவூரணிப் பக்கம்போல் மொய்விருந்து வைத்துத் திரட்டலாம் என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார், வேண்டாம். மொய் திருப்பிச் செய்யவேண்டிய கடன், நாளை மொய் செய்தவரே வழக்கில் எதிர்த்தரப்பாக நின்றால் உங்களால் வாய் திறக்க முடியாது. சம்பா அறுவடைக்குப்பின் வரும் அறுப்பின் பண்டிகையில், சேவலும் வாழைத்தாரும் ஏலம் போவதற்குமுன் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஊழியத்தின் கணக்கை முதலில் வாசியுங்கள். பிறகு, வழக்கு முடிந்துபோன ஒருவர் இசைந்தால் மட்டும் அவரைப் பேச விடுங்கள். வழக்கு நடந்துகொண்டிருப்பவரை ஒலிபெருக்கியின் முன் நிறுத்தாதீர்கள், எதிர்த்தரப்பாரும் ஏலத்துக்கு வந்திருப்பார்கள்.