செறிவுக்கு எதிராக ஓடும் குரோமியம் – கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணா,

நான் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். ஒரு கலவை காலப்போக்கில் எப்படிப் பிரியும் என்று சொல்லும் கான்–ஹில்லியார்ட் சமன்பாட்டைப் பைதன் நிரல்மொழியில் எழுதி, பாதி இரும்பு பாதி குரோமியம் என்று ஓடவிட்டேன். சீராகக் கலந்திருந்தது தானாகப் பிரிந்து கோலம் கோலமாக வருகிறது. செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் பரவல் நடக்கும் என்று உயர்தரத்தில் படித்தோம். இங்கே தலைகீழாக நடக்கிறதே, நிரலில் பிழையா? துறைமுகத்தில் வெல்டிங் செய்கிற அப்பா, இதால் நிஜ இரும்புக்கு என்ன என்று கேட்கிறார்.

வாசகர், உப்புவெளி

அன்பின் தம்பி,

நிரல் சரி, உயர்தரத்தில் சொன்னதுதான் பாதி. அணுக்கள் இரசாயன அழுத்தம் (chemical potential: ஓர் அணுவைச் சேர்த்தால் கலவையின் கட்டற்ற சக்தி, அதாவது free energy, எவ்வளவு மாறும் என்ற அளவு) குறைகிற பக்கம்தான் நகரும்; நீர்த்த கரைசலில் செறிவு குறைகிற பக்கமும் அதுவே என்பதால் பாடப்புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்கிறது. உங்கள் கலவையில் கட்டற்ற சக்தி வளைகோட்டின் நடுப்பகுதி மேல்நோக்கிப் புடைத்திருக்கிறது, அங்கே குரோமியம் துளி கூடிய மூலைக்கு இன்னும் குரோமியம் ஓடிவரும்.

அப்போ ஏன் அணு அணுவாகப் பிரியாமல், கோலத்தின் கோடுகள் ஏறத்தாழ ஒரே அகலத்தில் வருகின்றன? கானும் ஹில்லியார்டும் 1958இல் செறிவின் சரிவுக்கும் ஒரு சக்திச் செலவு வைத்தார்கள். மிக நுண்ணிய அலைகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது, மிக நீண்ட அலைகளுக்கோ அணுக்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டும், ஆக நடுத்தர அலை முந்திவிடுகிறது. பிறகு சிறிய பகுதிகள் கரைந்து பெரியவை இன்னும் பெரிதாகும். காலம் 8 மடங்கானால் அகலம் 2 மடங்காக வேண்டும். இதை அளந்து பாருங்கள், படம் வடிவாக இருக்கிறது என்பதெல்லாம் சாட்சியே இல்லை.

அப்பாவுக்குச் சொல்லுங்கள்: குரோமியம் கூடிய, காந்தம் ஒட்டுகிற ஃபெரிட்டிக் வகைத் துருப்பிடிக்காத எஃகை 475 பாகை செல்சியஸ் அளவில் நீண்டநேரம் வைத்தால் இதே பிரிவு சில நானோமீற்றர் அளவில் நடந்து, எஃகு கடினமாகி, அடி விழுந்தால் உடையும். அந்த வகையும் இன்னொரு வகையும் கலந்த டூப்ளெக்ஸ் எஃகை சுமார் 300 பாகைக்கு மேல் நெடுங்காலம் பாவிக்க விடாததற்கு முக்கிய காரணம் இதுதான். படகின் தண்டுக்குப் பயமில்லை, நம்ம கடல் அவ்வளவு சூடாகாது.

நிரலைப் பற்றி ஒன்று. கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் நேரப்படியை (நிரல் ஒவ்வொரு அடியிலும் முன்னேறும் நேரத்தை) 16 மடங்கு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்கள் வெடித்துவிடும். கோலத்தை அலைகளாகப் பிரித்துக் கணிக்கும் அரை-உள்ளார்ந்த (semi-implicit) ஃபூரியர் முறைக்கு மாறினால் இந்தத் தலையிடி பெரும்பாலும் போய்விடும். அப்புறம் குரோமியத்தை 25 சதவீதமாக்குங்கள், கோலம் போய்ப் புள்ளிகள் வரும். கட்டற்ற சக்திக்கு வழக்கமான இருகுழிச் சார்பை (இரண்டு பள்ளமுள்ள வளைகோட்டை) வைத்திருந்தால் 21 சதவீதத்துக்குக் கீழே தானாக ஒன்றுமே நடக்காது. அங்கே தொடக்கச் சிதறலை (தொடக்கத்தில் செறிவில் போடும் எழுமாறான ஏற்ற இறக்கத்தை) நன்றாகக் கூட்டிப் பாருங்கள்.