பூச்சு வேலைக்கு முன்னால் போட வேண்டிய வயர்

கேள்வி: திருச்சியில் மாடியோடு சேர்த்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். செங்கல் வேலை முடிந்தது, இன்னும் பத்து நாளில் பூச்சு ஆரம்பம். அப்பாவிடம் 300 சிடிக்கு மேல் இருக்கிறது. பாதி கச்சேரி, பாதி இளையராஜா. ஹால், சமையலறை, பூஜையறை, மாடியில் இரண்டு படுக்கையறை என்று எல்லா இடத்திலும் பாட்டு வர வேண்டும். அப்பா உட்கார்ந்து கேட்க மட்டும் உயர்ந்த தரத்தில் ஒரு செட். அதற்காக மாடியில் 10-க்கு 10 அடி அறை ஒன்றை ஒதுக்கியிருக்கிறோம். "இப்ப எல்லாமே வைஃபைதான் சார், வயரெல்லாம் எதுக்கு?" என்கிறார் எலக்ட்ரீஷியன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஆம்ப்ளிஃபையர் எது, ஸ்பீக்கர் எது என்பதை வீடு குடிபோன பிறகுகூட முடிவு செய்யலாம். சுவருக்குள் போகவேண்டியதை இந்தப் பத்து நாளில் முடிவு செய்தாக வேண்டும். கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் பெயின்ட் அடித்த பிறகுதான் கேட்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன் சொல்வதில் பாதி உண்மை. சிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டு நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் பாட்டை அனுப்பப்போகிறோம். அதற்குத் தேவைப்படும் வேகம் மிகக் குறைவு. சிடியில் இருக்கும் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். தரம் துளியும் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்தால் அதில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஆடம்பரமாக விற்கப்படும் கோப்புகள்கூடச் சுருக்காமல் 9 மெகாபிட் சொச்சம்தான். ஐந்து அறையிலும் ஒரே நேரத்தில் அதை ஓடவிட்டாலும் 50 மெகாபிட்டைத் தாண்டாது.

ஆனால் பாட்டுக்கு வேகத்தைவிட முக்கியம் சீராக வந்துகொண்டிருப்பது. வீடியோ என்றால் இரண்டு நொடி சுற்றினால் பொறுத்துக்கொள்கிறோம். ஆலாபனை நடுவில் அரை நொடி அறுந்தால் கேட்டதெல்லாம் போயிற்று. நம் வீடுகளில் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். கீழ்த்தளத்து ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தளத்தைத் துளைத்து மாடிக்குப் போவதற்குள் நோஞ்சானாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. பக்கத்து வீடுகளும் அதே மூன்றில்தான் நிற்கின்றன. உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது என்பதைச் சமையலறையில் ஒருநாள் கண்டுபிடிப்பீர்கள்.

ஆகவே வயர். மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டமுள்ள ஓர் அலமாரியை இதற்கென்று ஒதுக்குங்கள். ஃபைபர் இணைப்பு அங்கே வந்து இறங்கட்டும். ரவுட்டர், அதன் இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் கிகாபிட் ஸ்விட்ச், பாட்டுகள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக கேட் 6 எனப்படும் நெட்வொர்க் கேபிள் போக வேண்டும். ஹாலில் டிவி இருக்கும் சுவருக்கு நான்கு, படுக்கையறைகளுக்கு இரண்டிரண்டு. ஹால் கூரையிலும் மாடி வராந்தா கூரையிலும் ஒவ்வொன்று விட்டு வையுங்கள். பின்னால் வைஃபை கருவியை அங்கே மாட்டினால் போனுக்கும் லேப்டாப்புக்கும் வீடு முழுக்கச் சிக்னல் கிடைக்கும்.

எலக்ட்ரீஷியனிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்: லைட் பாயின்ட் போல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லூப் போடக் கூடாது. ஒவ்வொரு கேபிளும் அலமாரியிலிருந்து அறைவரை நடுவில் வெட்டோ ஒட்டோ இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்கக் கூடாது. தனியாக 25 மில்லிமீட்டர் பைப், கரண்ட் பைப்பிலிருந்து ஓரடி தள்ளி. இரண்டும் ஒன்றையொன்று கடக்கவேண்டிய இடத்தில் கூட்டல் குறி போல நேர்குறுக்காகக் கடக்கட்டும். திருப்பங்களில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், வளைந்து போகும் பெண்டு போடச் சொல்லுங்கள். எல்லாப் பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றை உள்ளே விட்டு வைத்தால், பிறகு வேறு கேபிள் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

கேபிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட் 6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியக் கம்பியில் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். ஒரு துண்டு வாங்கிக் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தச் சுருளைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மறுபக்கம், 'ஆடியோஃபைல் நெட்வொர்க் கேபிள்' என்று மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்பவர்களும் உண்டு. அதற்கும் ஒரு கும்பிடு. நெட்வொர்க்கில் பாட்டு பொட்டலம் பொட்டலமாக, பிழை சரிபார்க்கப்பட்டுப் போய்ச் சேர்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் கருவி அதை வாசிக்கிறது. சாதாரணச் சுத்தச் செம்புக் கேபிளைவிடத் தங்கமுலாம் கேபிளில் சஞ்சய் சுப்ரமணியன் நன்றாகப் பாடமாட்டார்.

இனி அந்த 10-க்கு 10 அறை. உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான். கூரை உயரமும் பத்தடிதானே? அப்படியென்றால் அது ஒரு கனசதுரம், ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. எதிரெதிர் சுவர்களுக்கு இடையே ஒலி போய்வந்து தேங்கி நிற்கும் அலைவரிசை ஒன்று எல்லா அறைக்கும் உண்டு. ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, சுவர்களுக்கு இடையேயுள்ள தூரத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அது கிடைக்கும். பத்தடிக்கு 56 ஹெர்ட்ஸ். உங்கள் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அதே 56. பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் நடந்துபோகும் அழகுக்காகவே கேட்பவர்கள் உண்டு. அந்த அறையில் ஏ வரும்போதெல்லாம் பீரோவுக்குள்ளிருந்து யாரோ உறுமுவது போல இருக்கும், பக்கத்து ஸ்வரங்கள் காணாமல் போகும். எத்தனை லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் இது மாறாது.

அப்பாவின் செட் ஹாலுக்கு வரட்டும். ஹால் 12-க்கு 18 அடி என்று நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் இருக்கிறது. அங்கே நீளத்துக்கு 31, அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56 ஹெர்ட்ஸ் என்று தேக்கம் மூன்றாகப் பிரிந்து நிற்கும். காதுக்கு உறுத்தாது. பத்துக்குப் பத்து அறையில் புத்தகமும் பழைய கேசட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிலும் ஒரு வேலை இருக்கிறது. வழவழப்பான டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல், இதுதான் இன்றைய ஹால். குடிபோன அன்று நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று நடுங்கும் எதிரொலி வந்தால், பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் அதே வால் முளைக்கும். கனமான ஜமுக்காளம் ஒன்று, மடிப்பு நிறைந்த திரைச்சீலை, புத்தகங்கள் ஏற்ற இறக்கமாக அடுக்கிய அலமாரி இருந்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். ஸ்பீக்கர்களை டிவி யூனிட்டின் பொந்துக்குள் திணிக்காமல் ஸ்டாண்டில், சுவரை விட்டு ஓரடி ஒன்றரையடி தள்ளி, ட்வீட்டர் (கீச்சு ஒலிகளைத் தரும் சிறு வட்டம்) உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் அப்பாவின் நாற்காலியும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். பட்ஜெட்டில் பாதியை இந்த இரண்டு பெட்டிகளுக்கே ஒதுக்குங்கள். இருபது வருடம் கழித்தும் வீட்டில் இருக்கப்போவது அவைதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? 2001-இல் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் நெட்வொர்க்கில் பாட்டு வாசிக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. 2006-இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பெயரில் ஓகோவென்று பேசப்பட்ட அந்த வரிசை 2012-இல் நிறுத்தப்பட்டது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்து 2019 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இந்தப் பெட்டிகளின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் ஸ்க்வீஸ்பாக்ஸின் சர்வர் மென்பொருள் திறமூலமாக இருந்ததால் இன்றும் லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரிலேயே ஓடும், காசு கிடையாது. உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். அலமாரியில் ஒரு ராஸ்பெரி பை, அதில் லிரியன். ஹாலில் இன்னொன்று, நல்ல டாக் பலகையோடு. டாக் என்பது எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றுவது. அது ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். இதையெல்லாம் நோண்ட நேரமில்லை என்றால் லிரியனோடு பேசக்கூடிய ரெடிமேட் ஸ்ட்ரீமர்கள், அதாவது நெட்வொர்க்கில் பாட்டு வாசிக்கும் பெட்டிகள், கடையில் கிடைக்கின்றன.

எந்த வழியில் போனாலும் எல்லா அறையும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். ஆளுக்கொரு கம்பெனிப் பெட்டி வாங்கினால் தனித்தனியாக நன்றாகவே பாடும், சேர்ந்து பாடாது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, எந்த இரண்டும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிடத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும், ஒரு மணி நேரத்தில் 180. ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்தால் பல்லவி இரண்டு முறை கேட்கும். லிரியன், சோனோஸ், ஏர்பிளே 2 போன்ற பல அறை ஏற்பாடுகள் இந்த விலகலை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. நெட்வொர்க்கில் பாட்டைப் பகிரும் பொதுவான முறையான டிஎல்என்ஏ என்று மட்டும் போட்டிருக்கும் பெட்டிகள் பொதுவாக இதைச் செய்வதில்லை.

சமையலறையில் கருவி எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் புகை எல்லாவற்றையும் தின்றுவிடும். ஸ்பீக்கர் மட்டும் போதும், ஆம்ப்ளிஃபையர் படிக்கு அடியில் இருக்கட்டும். பூஜையறைக்கும் அப்படியே. படிக்கு அடியிலிருந்து இந்த இரண்டு இடத்துக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஸ்பீக்கர் வயரை இப்போதே இழுத்துவிடுங்கள். பத்து மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர மின்தடை 0.15 ஓம் அளவில்தான் இருக்கும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. லிரியனில் அலாரம் வசதி உண்டு. காலை ஐந்தரைக்குப் பூஜையறையில் மட்டும் சுப்ரபாதம் மெல்லத் தொடங்கும்படி செய்யலாம். படுக்கையறைகளுக்கு ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய சிறு ஸ்பீக்கர் போதும். மொட்டை மாடிக்கு எதுவும் வேண்டாம், புளூடூத் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டுவது நம் ஊரில் வழக்கம். அதை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டித் தரும்படி, வைக்காவிட்டால் அது தனி நெட்வொர்க்காகிவிடும். மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே உள்ள பிளேயர் கண்ணுக்கே தெரியாது. "சிஸ்டம் ரிப்பேர்" என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் இருந்த கோளாறு இது ஒன்றுதான்.

சிடிகளுக்கு வருவோம். ஒரு சிடி ஃபிளாக்கில் சுமார் 350 எம்பி, 300 சிடிக்கு 105 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் தாராளம். இரண்டு வாங்குங்கள். ஒன்று ஓடட்டும், இன்னொன்று நகலோடு பீரோவில் தூங்கட்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில் பிரதி எடுத்தால், அதே சிடியை உலகில் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டுச் சரியா என்று சொல்லிவிடும். அதைவிடப் பெரிய வேலை பெயரிடுவது. இந்த மென்பொருள்கள் எல்லாம் பாடகர், ஆல்பம் என்றுதான் யோசிக்கும். அப்பா கேட்கப்போவது "அந்தக் கரகரப்ரியா எங்கே?" என்றுதான். வாக்கேயக்காரரைக் கம்போசர் கட்டத்தில், ராகத்தை குரூப்பிங் கட்டத்தில் என்று முதல் நாளே ஒரு முறை வகுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜரையும் இளையராஜாவையும் ஆங்கிலத்தில் ஆளுக்கு நான்கு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள், லைப்ரரியில் நான்கு இளையராஜா வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தமிழிலேயே எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கேசட்டுகளை 24 பிட்டில்தான் மாற்ற வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தொகுக்கும்போது வசதி, அவ்வளவுதான். கேசட்டின் இரைச்சலுக்கு 16 பிட்டே அதிகம்.

கரண்ட் விஷயம் ஒன்று. இன்வெர்ட்டர் வாங்கினால் சைன் வேவ் வகை வாங்குங்கள், ஸ்கொயர் வேவில் ஆம்ப்ளிஃபையர் ரீங்காரமிடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்தில் சர்வர் அணைந்து எழுந்தால் கோப்புகள் கெடலாம். அலமாரிக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் வையுங்கள்.

அப்பாவுக்கு ஆப் வேண்டாம். திருகும் வால்யூம் குமிழும் ரிமோட்டும் உள்ள ஆம்ப்ளிஃபையராகப் பாருங்கள்.

பைப் எல்லாம் பதித்த பிறகு, பூச்சுக்காரர் வருவதற்கு முதல் நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஷெல்ஃப் மாட்ட டிரில்லோடு வந்து நிற்பவர், "இங்க உள்ள ஏதாச்சும் பைப் போகுதா சார்?" என்று கேட்பார்.