கடன்சார் கையகப்படுத்தல் என்றால் என்ன? ரசிகர்கள் கிளப்பின் கணக்கை ஏன் துருவுகிறார்கள்?

கால்பந்துக் கிளப்பை வாங்குபவர் விலையின் பெரும்பகுதியைக் கடனாகத் திரட்டி, அந்தக் கடனை வாங்கப்பட்ட கிளப்பின் தலையிலேயே கட்டிவிடுவதுதான் கடன்சார் கையகப்படுத்தல். ஒருவர் வாங்கப்போகும் வீட்டையே அடமானம் வைத்து அதை வாங்கிவிட்டு, குடியிருப்பவர்கள் தரும் வாடகையிலிருந்து வட்டி கட்டுவதைப் போன்றது இது. கூரை ஒழுகினாலும் முதலில் வட்டிதான் போகும்.

பலரும் சுட்டும் உதாரணம் மான்செஸ்டர் யுனைடெட். 2005-இல் கிளேசர் குடும்பம் ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் அதைக் கைப்பற்றியபோது, அதுவரை கடனின்றி இருந்த கிளப் பெருங்கடனாளியானது. அதை ஏற்காத ரசிகர்கள் சிலர் அதே ஆண்டில் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற, ரசிகர்களே உரிமையாளர்களாக உள்ள கிளப்பைத் தொடங்கினார்கள்.

இப்படிக் கிளப்பின் தலையில் கடன் ஏறியிருக்கிறதா என்று அறியத்தான் ரசிகர்கள் கணக்கைத் துருவுகிறார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான கிளப்புகள் பதிவுபெற்ற நிறுவனங்கள் என்பதால், அவற்றின் ஆண்டுக் கணக்கை நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். மொத்த வருவாய் பார்ப்பதற்கு எடுப்பாகத்தான் இருக்கும். உண்மை நிலை வட்டிச் செலவிலும், வருவாயில் சம்பளம் விழுங்கும் பங்கிலும், யாரும் எட்டிப்பார்க்காத பின்குறிப்புகளிலும் தெரியும். டெர்பி கவுன்டி என்ற ஆங்கிலேயக் கிளப் 2018-இல் தன் மைதானத்தைத் தன் உரிமையாளரின் வேறொரு நிறுவனத்துக்கே விற்று அந்த ஆண்டில் லாபம் காட்டியது. 2021-இல் அது திவால் நிர்வாகத்தின் கீழ் சென்றது.

கடன் என்றாலே கேடு என்று பலர் நினைப்பது சரியன்று: லண்டன் கிளப்பான டாட்டன்ஹாம் கடன் வாங்கிக் கட்டிய மைதானம் கிளப்புக்கு வருவாய் தருகிறது, உரிமையாளர் கிளப்பை வாங்குவதற்காகப் பட்ட கடனோ கிளப்புக்கு ஒரு செங்கல்லைக்கூடத் தருவதில்லை.