தலைமையகம் கேட்காத இயந்திரம்

கேள்வி: பன்னாட்டு நிறுவனங்களின் அயல்நாட்டுத் துணை நிறுவனங்கள் பலவும் தலைமையகம் அனுப்பும் வரைபடத்தின்படி பொருள் செய்வதோடு நின்றுவிடுகின்றன. சில மட்டும் சொந்தமாகப் புதியன படைக்கும் திறனைப் பெறுவது எவ்வாறு? (வாசகர், ஓசூர்)

பதில்: நகலெடுப்பதற்கே நம் ஊரில் ‘ஜெராக்ஸ்’ என்று பெயராகிவிட்டதால், அந்த நிறுவனத்தின் ஜப்பானியக் கிளையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஜெராக்ஸின் பிரிட்டிஷ் கூட்டு நிறுவனமான ராங்க் ஜெராக்ஸும் ஜப்பானின் ஃபூஜி ஃபோட்டோ ஃபிலிமும் சரிபாதிப் பங்குடன் 1962-இல் தொடங்கிய ஃபூஜி ஜெராக்ஸ், முதலில் ஜெராக்ஸ் வடிவமைத்த இயந்திரங்களை விற்கும் நிறுவனமாகவே இருந்தது. அவ்வியந்திரங்களை ஜப்பானியத் தாள் அளவுகளுக்கும் இடம் குறுகிய அலுவலகங்களுக்கும் ஏற்ப மாற்றியமைப்பதுதான் அதன் பொறியாளர்களுக்குக் கிடைத்த வேலை. மதிப்புக் குறைவாகத் தோன்றும் இந்த வேலையில்தான், இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி அமைந்துள்ளது என்பது அவர்களுக்குப் புரிந்தது.

1970-ஐ ஒட்டி கேனான் முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் சாதாரணத் தாளில் நகலெடுக்கும் இயந்திரங்களோடு சந்தையில் நுழைந்தபோது, பெரிய, வேகமான இயந்திரங்களை வாடகைக்கு விட்டே நல்ல லாபம் பார்த்துவந்த அமெரிக்கத் தலைமைக்குச் சிறிய இயந்திரத்தின் தேவை அவ்வளவாக உறைக்கவில்லை. வாடிக்கையாளரைக் கண்ணெதிரே இழந்துகொண்டிருந்த ஜப்பானியப் பொறியாளர்களுக்கு உறைத்தது. 1971-இல் உற்பத்தியும் அவர்கள் கைக்கு வந்தது. 1973-இல் 2200 என்ற சிறிய இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். தலைமையகத்திடம் பாதிப் பங்கு மட்டுமே இருந்ததும் இதற்கு உதவியது என்பது என் கருத்து. முழு உரிமை இருந்திருந்தால் அத்திட்டம் ஏதோ ஒரு கோப்பிலேயே முடங்கியிருக்கக்கூடும். ஆய்வகம் கட்டிக்கொடுத்தாலே திறன் வந்துவிடும் என்று நம்பும் நிர்வாகிகள், நெருக்கும் சந்தை, சொந்த வருவாய், மறுத்துப் பேசும் உரிமை ஆகிய மூன்றையும் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: அவ்வாறு உருவான திறன் தாய் நிறுவனத்துக்குப் பயன்பட்டதா? (அதே வாசகர்)

பதில்: நன்றாகவே பயன்பட்டது. ஃபூஜி ஜெராக்ஸ் 1976-இல் தொடங்கிய தர இயக்கத்துக்காக 1980-இல், தர மேம்பாட்டுக்கென ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றது. தான் இயந்திரம் செய்ய ஆகும் செலவுக்கே ஜப்பானியப் போட்டியாளர்கள் அதை விற்பதைக் கண்டு திகைத்த ஜெராக்ஸ், 1979 முதல் தன் செலவுகளை அவர்களுடைய செலவுகளோடு ஒப்பிட்டு ஆராயத் தொடங்கியபோது, பாடம் கேட்கச் சென்றது இந்தக் கிளையிடம்தான். ஆனாலும் பிற்காலத்தில் பணநெருக்கடி வந்தபோது 2001-இல் தன் பங்கைக் கால்வாசியாகக் குறைத்து, 2019-இல் எஞ்சியதையும் ஃபூஜிஃபிலிமிடமே விற்றுவிட்டது. 2021 முதல் அந்த ஜப்பானிய நிறுவனத்தின் பெயரில் ‘ஜெராக்ஸ்’ இல்லை.