20,000 லூமன் டார்ச் லைட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ராத்திரியில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது, மழையானாலும். ஆன்லைனில் '20,000 லூமன், 9,900 எம்ஏஎச், 2 கிலோமீட்டர்' என்று போட்டு 600 ரூபாய்க்கு ஒரு டார்ச் வருகிறது. வேறு சிலது 1,000 லூமன்தான், ஆனால் விலை 2,500. குறைந்த வெளிச்சத்துக்கு ஏன் கூடுதல் காசு?

பதில்: லூமன் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு, எம்ஏஎச் என்பது செல்லின் கொள்ளளவு. அந்த 1,000 உண்மையான 1,000. அந்த 20,000 அட்டைப்பெட்டியில் மட்டும் இருக்கிற எண். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். மிக நல்ல எல்இடி போட்டாலும் 20,000 லூமனுக்கு 130 வாட்டாவது வேண்டும். அந்த டார்ச்சில் இருப்பது 18650 என்ற அளவிலான ஒரே ஒரு லித்தியம் செல், 3.6 வோல்ட். 130 வாட் எடுக்க அதிலிருந்து 36 ஆம்பியர் ஓடவேண்டும். இந்த அளவில் கொள்ளளவு அதிகமுள்ள நல்ல செல்களே 8 முதல் 10 ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டவை. 36 ஆம்பியர் ஓடிவிட்டது என்றே வையுங்கள், கையில் பிடிக்க முடியாத சூடாகிவிடும்.

'2 கிலோமீட்டர்' கதையும் அப்படித்தான். ஒழுங்கான கம்பெனிகள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி தூரத்தைச் சொல்கின்றன. வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது ஏறத்தாழ பௌர்ணமி நிலவின் அளவுக்கு, மங்கிப்போகும் இடம்தான் அவர்கள் எழுதும் தூரம். அங்கே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. எழுதியிருப்பதில் பாதித் தூரம்தான் நமக்கு உபயோகம், அங்கே வெளிச்சம் நான்கு மடங்கு. ஒளிக்கற்றை எவ்வளவு தீவிரமாகக் குவிகிறது என்பதைச் சொல்லும் கேண்டெலா என்ற எண் கொடுத்திருந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், மீட்டரில் தூரம் வரும்: 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 2 கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் கேண்டெலா வேண்டும்.

வரப்பில் நடக்க அவ்வளவு தேவையும் இல்லை. காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க 150 முதல் 300 லூமன், ஆனால் அகலமாகப் பரவவேண்டும். அடுத்த வயல் வரை அடித்துப் பார்க்கத்தான் 1,000 லூமன், அதுவும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எனவே அதிகபட்சம் 1,000, நடுவில் 200–300 லூமனுக்கு ஒரு நிலை, 10,000 கேண்டெலாவுக்குக் கொஞ்சம் மேலே, ஒற்றை 18650 அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய 21700 செல். இதுதான் உங்களுக்கான டார்ச். நிறத்தில் 4,000–5,000 கெல்வின் கிடைத்தால் அதையே எடுங்கள். நீலம் பாய்ந்த 6,500 கெல்வின் பார்க்கப் பளிச்சென்றிருக்கும், ஆனால் சருகும் மண்ணும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்.

முன்பக்கம் இழுத்து ஜூம் செய்கிற மாடலைத் தவிர்த்துவிடுங்கள். இழுபடும் இடத்தில் தண்ணீர் உள்ளே போகும். புள்ளியாகக் குவிக்கும்போது பெரும்பங்கு வெளிச்சம் குழாய்க்குள்ளேயே வீணாகும். மழைக்கு, தண்ணீர் புகாத தரத்தைச் சொல்லும் எண்களில் ஐபிஎக்ஸ்7 (ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி) அல்லது ஐபிஎக்ஸ்8 இருக்கட்டும். ஐபிஎக்ஸ்4 சாரலுக்கு மட்டும். சார்ஜ் போர்ட்டின் ரப்பர் மூடியை அழுத்தி மூடாவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

'3 மணி நேரம் எரியும்' என்பதையும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம் அது. சிறிய டார்ச்கள் சூட்டைத் தணிக்கச் சில நிமிஷங்களிலேயே தாமாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்; பழுதில்லை. நிஜக் கணக்கு: 3,500 எம்ஏஎச் செல்லில் இருப்பது 12.6 வாட்–மணி. 1,000 லூமனுக்கு 10 வாட் போனால் ஒன்றேகால் மணி நேரம். 300 லூமனில் நாலு மணி நேரம் தாராளமாக ஓடும்.

கேள்வி: செல்லும் சார்ஜரும் தனியாக வாங்கவேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: காசை முதலில் இங்கே போடுங்கள். நல்ல டார்ச்சில் போலிக் கட்டையைப் போட்டால் அதுவும் 600 ரூபாய் டார்ச்தான்.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த உருவத்துக்குள் இன்று பரவலாகக் கிடைப்பது 2,500 முதல் 3,600 எம்ஏஎச் வரை. 5,000, 9,900 என்று உறையில் அச்சிட்டிருந்தால் பொய். தராசில் வையுங்கள்: அசல் 45 முதல் 50 கிராம். போலி பெரும்பாலும் 30–35 கிராமில் நிற்கும். எடை சரியாக இருப்பது மட்டும் போதாது, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவி புது உறை மாட்டியதும் அதே எடைதான் இருக்கும். சாம்சங் 35இ, எல்ஜி எம்ஜே1, பானசோனிக்/சான்யோ என்சிஆர்18650ஜிஏ மூன்றும் 3,500 எம்ஏஎச் வகை. 21700 அளவில் சாம்சங் 50இ, 5,000 எம்ஏஎச். இவற்றுக்கும் போலி உண்டு, முகவரி உள்ள விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் தேடுங்கள்.

அடுத்த சிக்கல் பொருத்தம். பாதுகாப்புச் சுற்று சேர்த்த செல் 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளம் கூடும், சில டார்ச்சில் மூடி திருகாது. பிளஸ் முனை சிலதில் குமிழாக, சிலதில் தட்டையாக இருக்கும். டார்ச் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இரண்டு செல் வரிசையாகப் போடும் டார்ச்சில் ஒன்று புதிது, ஒன்று பழசு கூடவே கூடாது: பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றது அதைத் தலைகீழாக ஓட்டும். அப்படித்தான் வெடிக்கிறது. உங்களுக்கு ஒற்றைச் செல்லே போதும், கூடவே உதிரியாக இன்னொன்று, பிளாஸ்டிக் டப்பாவில். சட்டைப்பையில் சாவியோடு போடாதீர்கள்.

சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிற்கவேண்டும், ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனிச் சுற்று இருக்கவேண்டும். 1 ஆம்பியரில் 3,500 எம்ஏஎச் செல் நிறைய நாலு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். எக்ஸ்டார், நைட்கோர் போன்ற கம்பெனிகளின் திரை உள்ள மாடல்களில் சில, கொள்ளளவையும் சோதித்துச் சொல்லும். முதல் வேலையாக அதைச் செய்துவிடலாம், 9,900 வேஷம் அங்கேயே கலையும். மல்டிமீட்டர் இருந்தால்: சார்ஜரிலிருந்து எடுத்து ஒருமணி நேரம் கழித்து 4.15 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்ல செல், 4.0க்கு இறங்கினால் ஓய்ந்துவிட்டது. 2 வோல்ட்டுக்குக் கீழே போனதை உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள்.

டார்ச்சிலேயே டைப்–சி போர்ட் உள்ளவை வசதிதான். ஆனால் விலை குறைந்த சிலது, இரண்டு முனையும் டைப்–சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாது. போர்ட்டில் வைக்கவேண்டிய சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். சாதாரண யூஎஸ்பி முனையுள்ள கேபிளைப் போட்டால் ஏறும், ரிட்டர்ன் அனுப்பும் முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பழைய பிளக் டார்ச் இருக்கிறது, 4 வோல்ட் பேட்டரி போய்விட்டது. மெக்கானிக் 18650 மாட்டித் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டாம். அது லெட் ஆசிட் பேட்டரிக்கான சுற்று. 4.2 வோல்ட்டில் நிறுத்தத் தெரியாது. லித்தியம் அதில் உப்பும், தீப்பிடிக்கும். அதே 4 வோல்ட் பேட்டரி புதிதாகக் கிடைக்கிறது, அதையே போடுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிடும். பிளக்கில் இருக்கும்போது உள்ளே கை வைக்காதீர்கள், 230 வோல்ட் நேராக ஓடுகிற சுற்று அது.

கேள்வி: ஏற்கெனவே 9,900 எம்ஏஎச் செல் வாங்கி ஏமாந்துவிட்டேன். ரிட்டர்ன் நாள் தாண்டிவிட்டது.

பதில்: உறையில் உள்ள எண், தராசில் காட்டும் எடை, பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் படம் எடுத்து முதலில் விற்றவருக்கும் தளத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். 'செல் சரியில்லை' என்று எழுதாதீர்கள். 'விளம்பரத்தில் சொன்ன கொள்ளளவு பொய்' என்று எழுதுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறான விளம்பரத்தைத் தனியாகவே குறிப்பிடுகிறது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்தச் செல்லைக் குப்பையில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள், ஆனால் புகார் முடிந்த பிறகு. அதுதான் உங்கள் சாட்சி.